கடைவீதிக்குள் கார்களைக் குறைப்பது எப்படி? கொங்கு நகரங்களுக்கான செயல்முறை

கோவையின் ஒப்பணக்கார வீதியும் ஈரோட்டின் ஆர்.கே.வி. ரோடும் கரூரின் ஜவகர் பஜாரும் காருக்காக அமைந்த தெருக்கள் அல்ல. மாட்டுவண்டிக்கும் தலைச்சுமைக்கும் போதுமான அகலத்தில் உருவாகி, இருமருங்கும் கடைகள் நெருங்கி நின்றுவிட்ட தெருக்கள் அவை. அவற்றை அகலப்படுத்த வேண்டுமானால், எந்தக் கடைகளை நாடி மக்கள் வருகிறார்களோ அந்தக் கடைகளையே இடிக்க வேண்டியிருக்கும். ஆகையால் தெருவின் அகலம் மாறாது என்று வைத்துக்கொண்டு, அந்த அகலத்தை நடப்பவர், பஸ்ஸில் வருபவர், சரக்கு இறக்குபவர், வண்டி நிறுத்துபவர் ஆகியோருக்கு எப்படிப் பங்கிடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் சாரம். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் வாகனங்களின் ஓட்டத்தைவிட மனிதர்களின் போக்குவரத்துக்கே முதலிடம் தந்தது. தெருவின் இடம் மக்களுக்கு நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது.

வார்டு உறுப்பினர், வணிகர் சங்க நிர்வாகி, குடியிருப்போர் நலச் சங்கத்தார், மாநகராட்சிப் பொறியாளர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் வரிசை மிக முக்கியம். ‘கார்கள் நுழையக் கூடாது’ என்னும் பலகை இறுதியில் வர வேண்டியது. கார் நிறுத்தும் இடத்தை ஒழுங்குசெய்வது தொடக்கத்தில் வர வேண்டியது. இந்த வரிசை தலைகீழாகும்போது, நல்ல முயற்சியும் சில வாரங்களில் கைவிடப்படும் என்பது என் உறுதியான கருத்து.

தெருவின் கணக்கு

எந்த மாற்றத்தையும் முன்மொழிவதற்கு முன் தெருவின் இன்றைய நிலையை எண்ணிக்கையாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண வேலைநாள், ஒரு ஞாயிறு மாலை, ஒரு சந்தை நாள் என மூன்று பொழுதுகளைத் தேர்ந்தெடுங்கள். ஈரோட்டுக்கு வாரந்தோறும் கூடும் ஜவுளிச் சந்தை, பொள்ளாச்சிக்கு வியாழக்கிழமைச் சந்தை என ஒவ்வோர் ஊருக்கும் கூட்டம் கூடும் நாள் வேறுபடும். அந்த நாளைத் தவறவிட்ட கணக்கை வியாபாரிகள் ஏற்க மாட்டார்கள். தெருவின் குறுக்கே ஒரு கோட்டை மனத்தில் வகுத்துக்கொண்டு, 15 நிமிடத்தில் அதைக் கடக்கும் வாகனங்களை அல்ல, ஆட்களை எண்ணுங்கள். நடந்து செல்பவர் எத்தனை பேர், டூவீலரில் எத்தனை பேர், ஆட்டோவில், பஸ்ஸில், காரில் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் குறித்தால், தெருவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவர்களும் தெருவில் பெரும்பான்மையாக இருப்பவர்களும் ஒருவரே அல்லர் என்பது தாளில் தெரியும்.

அடுத்து, தெருவின் இரு முனைகளிலும் ஒருவரை நிறுத்தி, உள்ளே வரும் கார்களின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் நுழைந்த கார் ஐந்து, பத்து நிமிடத்தில் மறுமுனையில் வெளியேறினால், அதற்குக் கடைவீதியில் வேலை எதுவும் இல்லை என்று பொருள். நிறுத்தப்பட்டுள்ள கார்களையும் அரைமணிக்கு ஒருமுறை நடந்து குறித்துக்கொண்டால், எவை வாடிக்கையாளருடையவை, எவை காலையில் வந்து இரவு கடை சாத்தும்வரை அசையாதவை என்பது பிடிபடும்.

கடைக்கு வருபவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்பதையும் விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் இவ்வாறு கேட்டபோது, தம் வாடிக்கையாளரில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கணித்திருந்தார்கள். உண்மையில் 22 விழுக்காட்டினரே காரில் வந்திருந்தார்கள். காரில் வரும் வாடிக்கையாளர் கண்ணில் படுவார், வாசலிலேயே நிற்பார், இடமில்லை என்று குறையும் சொல்வார். பஸ்ஸில் இறங்கி நடந்து வருபவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பிரிஸ்டலின் எண் நமக்குப் பொருந்தாது. நம் ஊரின் எண்ணை நாமே எடுக்க வேண்டும்.

தெரு யாருடையது என்பதையும் இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். நகரின் நடுவே செல்லும் சாலைகள் சில மாநகராட்சியிடமும் சில நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கும். மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய பிறகு சாலை வேறு துறையுடையது என்று தெரியவந்தால் மாதக்கணக்கில் கோப்பு நகராது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, சாலையின் உரிமை, ஆவணப்படி அதன் அகலம், வாகன நிறுத்தக் குத்தகையின் நிபந்தனைகள், அது முடியும் நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நிறுத்துமிடமே திறவுகோல்

தெருவோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கார்களில் ஒவ்வொன்றுக்கும், எடுக்கவும் விடவும் வேண்டிய இடைவெளியோடு சேர்த்து ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் தேவை. 100 மீட்டர் தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் கார்களுக்குக் கொடுத்தால் 16 கார்கள் நிற்கும். காருக்கு இருவர் என்று தாராளமாகக் கொண்டாலும் 32 பேர். நெரிசல் வேளையில் ஒரு டவுன் பஸ் சுமந்து வரும் கூட்டத்தைவிடக் குறைவு. அந்த 16 கார்களை அகற்றினால் அதே 100 மீட்டருக்கு 2 மீட்டர் அகலமுள்ள நடைபாதை கிடைத்துவிடும். கூட்டங்களில் எந்தச் சொற்பொழிவையும்விட இந்தக் கணக்கே எடுபடும். உங்கள் தெருவின் நீளத்தை இட்டுக் கணக்கிட்டுப் பெரிய தாளில் எழுதி மாட்டுங்கள்.

நிறுத்தக் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒருமுறை கட்டினால் நாள் முழுதும் நிறுத்தலாம் என்னும் முறை மிகவும் கெடுதலானது. அரைமணி நேரத்தில் துணி எடுத்துக்கொண்டு போகிறவருக்கும் பத்து மணி நேரம் நிறுத்துபவருக்கும் ஒரே கட்டணம் என்றால், இடம் முழுவதும் பின்னவரிடம் போய்விடும். கட்டணம் மணிக்கணக்கில் இருக்க வேண்டும்; இரண்டாம் மணியிலிருந்து உயர வேண்டும்; தெருவோரக் கட்டணம் எப்போதும் தெருவுக்கு வெளியே உள்ள நிறுத்த மைதானத்தின் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலறிஞர் டொனால்டு ஷூப் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து சொன்ன அளவுகோல் எளிமையானது. நூறு இடங்களில் 85 நிரம்பி 15 காலியாக இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும். அப்போது இடம் தேடி வட்டமடிக்கும் கார்கள் மறையும். வசூலாகும் தொகை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் செலவாக வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். தம் தெருவுக்கே பணம் திரும்புகிறது என்று தெரிந்தால் வணிகர் சங்கங்களின் எதிர்ப்பு பெரிதும் தணியும். ஆகவே மாமன்றத் தீர்மானத்திலேயே இதை எழுத்தில் சேர்க்கச் செய்யுங்கள்.

காலை முதல் இரவு வரை அசையாமல் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை கடை உரிமையாளர்களுடையவையும் ஊழியர்களுடையவையும்தாம் என்று உங்கள் கணக்கு காட்டக்கூடும். இதைப் பொதுக்கூட்டத்தில் குற்றச்சாட்டாக எழுப்பினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். சங்கத் தலைவரிடம் தனியே கணக்கைக் காட்டி, ஐந்து, பத்து நிமிட நடைத் தொலைவில் மாத அட்டையுடன் ஓரிடம் ஏற்பாடு செய்யலாம் என்று பேசுவதே முறை. அந்த இடத்தைத் தேட நம் ஊர்களில் அதிகம் அலைய வேண்டியதில்லை. மூடிக்கிடக்கும் பஞ்சாலை வளாகங்கள், விடுமுறை நாட்களில் பள்ளி மைதானங்கள், முகூர்த்தமில்லா நாட்களில் கல்யாண மண்டபங்களின் திடல்கள் ஆகியவற்றை வாடகைக்குப் பேசலாம். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் மண்டபமும் நிரம்பும், ஜவுளிக்கடையும் நிரம்பும் என்பதால் மண்டபத்தை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

பலநிலை வாகன நிறுத்தக் கட்டடங்களைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கோவை ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டில் அப்படியொரு கட்டடம் எழுந்துள்ளது. பிற ஊர்களும் கேட்கின்றன. வாசலிலேயே இலவசமாக நிறுத்த முடிகிற வரை யாரும் கட்டடத்துக்குள் கட்டணம் கட்டிச் செல்ல மாட்டார்கள். கட்டடம் திறக்கும் அதே நாளில், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தனை இடங்களை நீக்குவதாக முன்கூட்டியே அறிவித்தால்தான் அந்த முதலீட்டுக்குப் பயனுண்டு. இல்லையேல் கூடுதல் இடம் கூடுதல் கார்களையே அழைக்கும்.

ஸ்பெயின் நாட்டின் பொன்தெவெத்ரா, சுமார் 80,000 பேர் வாழும் ஊர். பொள்ளாச்சியை ஒத்த அளவு. 1999 முதல் அங்கே நகர மையத்தின் தெருவோர நிறுத்தங்களைப் படிப்படியாக நீக்கி, ஊரின் விளிம்பில், நடந்து வரும் தொலைவில் இலவச இடங்களை ஏற்படுத்தினார்கள். எங்கிருந்து எங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று காட்டும் ஒரு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். இந்த வரைபடத்துக்குச் செலவு அச்சுக்கூலி மட்டுமே. ஒரு கிலோமீட்டர் நடக்க 12 முதல் 15 நிமிடம் ஆகும் என்று கொண்டு, பஸ் நிலையம், ரயில் நிலையம், சந்தை, கோயில், அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நேரங்களை உங்கள் ஊர்ப் பள்ளி மாணவர்களைக் கொண்டே அளந்து, பஸ் நிறுத்தங்களில் ஒட்டலாம்.

டூவீலர்களை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவைத்தால் அது நம் மண்ணில் நிற்காது. திருப்பூரில் வேலை முடிந்து வருகிறவர்களில் பலருக்கு அதுதான் குடும்ப வாகனம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு டூவீலர்கள் நிற்கும். ஆகவே முதலில் நீக்கும் கார் இடங்களில் மூன்றில் ஒன்றையேனும் கோடு போட்டு டூவீலர்களுக்கு ஒதுக்கி, அதற்கு ஈடாக நடைபாதைமேல் ஒரு வண்டியும் ஏறக் கூடாது என்று உறுதியாக நிற்க வேண்டும்.

கடந்துபோகும் கார்கள்

பெல்ஜியத்தின் கெந்த் நகரம் 2017 ஏப்ரலில் ஒரு போக்குவரத்துத் திட்டத்தைத் தொடங்கியது. கார்கள் வராத நடுப்பகுதியைச் சுற்றி நகர மையம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் பகுதிக்கும் காரில் போகலாம். ஆனால் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நேராகப் போக முடியாது, வெளியே வந்து சுற்றுச்சாலை வழியாகத்தான் போக வேண்டும். பஸ்ஸும் சைக்கிளும் நேராகப் போகும். நெதர்லாந்தின் குரோனிங்கன் இதையே 1977இல் நான்கு பகுதிகளாகச் செய்தது. இதில் யாருடைய வீட்டுக்கும் கடைக்கும் கார் போவது தடுக்கப்படவில்லை; நகர மையத்தைக் குறுக்குவழியாக்கிக்கொள்வது மட்டுமே தடுக்கப்பட்டது.

கோவையில் உக்கடத்திலிருந்து காந்திபுரம் பக்கம் செல்லும் கார், டவுன்ஹாலைக் குறுக்குவழியாகக் கொள்ளும்வரை அங்கே நெரிசல் தீராது. எந்தத் தெருவை எந்த முனையில் கார்களுக்கு மூடினால் கடந்துபோகும் வழி அற்றுப்போகும், ஆனால் கடைவாசல் வரை வரும் வழி மிஞ்சும் என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று இடங்களில் மரத்தொட்டியோ இரும்புத் தூணோ வைத்தால் போதும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய 3.5 மீட்டர் வழியை எளிதில் அகற்றும் தூண்களால் காத்துவைக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய கலை அன்று. மாசி மாதத்தில் கோனியம்மன் தேர் ராஜவீதியிலிருந்து புறப்படும் நாளில் நகரின் நடுப்பகுதிப் போக்குவரத்து முழுவதும் திருப்பி விடப்படுகிறது. எந்தச் சந்தில் எதைத் திருப்பலாம், எங்கே நிறுத்தச் சொல்லலாம் என்பது காவல்துறைக்கும் கடைக்காரர்களுக்கும் மனப்பாடம். தீபாவளிக்கு முந்தைய நாட்களிலும் அவ்வாறே. அந்த நாட்களின் மாற்றுவழி வரைபடத்தைப் போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, அதையே முதல் வரைவாகக் கொள்ளுங்கள்.

மேம்பாலங்கள் இந்த வேலையைச் செய்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரையிலான 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் அவிநாசி சாலையின் சிக்னல்களைத் தவிர்க்க உதவுகிறது. அதில் விரைந்து வரும் கார் இறுதியில் நகரின் நடுவில்தான் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் அதற்கு என்ன வழி என்பதை நகர மையத் திட்டமே சொல்ல வேண்டும்.

நடைபாதை, நிழல், தள்ளுவண்டி

சாலை வடிவமைப்புத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். கடைத்தெருவுக்கு அதற்கு மேலும் வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த உயர வரம்பு சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சாக்கடை மூடிக்கு மேலே முழங்கால் உயரத்தில் கட்டப்பட்ட நடைபாதையில் வயதானவர்கள் ஏற மாட்டார்கள், ஏறியவர்களும் கடைக்குக் கடை இறங்கி ஏற வேண்டியிருக்கும். பணி முடிந்ததும் ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கும் முன், சக்கர நாற்காலியில் ஒருவரை அமர்த்தி முனை முதல் முனை வரை தள்ளிப் பார்ப்பதே சரியான சோதனை.

பங்குனி, சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதை நண்பகலில் காலியாகவே கிடக்கும். கார் நிறுத்தத்தை எடுத்த இடத்தில் இடைவெளி விட்டு வேம்பும் புங்கனும் நட்டு, வேருக்கு ஒரு மீட்டர் சதுரமாவது மண் திறந்திருக்கச் செய்ய வேண்டும். அடிமரம் வரை சிமென்ட் பூசுவது மரத்தைக் கொல்லும். மரம் வளரும்வரை கடைகளின் முகப்புப் பந்தல்களை ஒரே உயரத்தில் அனுமதிக்கலாம்.

பூக்காரரையும் இளநீர்க்காரரையும் விரட்டிவிட்டுத் தெருவை அழகுபடுத்துவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கவில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்தக் குழுவை வரைவு நிலையிலேயே அழைத்து, நடக்கும் பகுதிக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவே அவர்களுக்கென்று கோடு போட்டு இடம் ஒதுக்குங்கள்; அவர்கள் நிற்கும் இடத்தில் கார் ஏறாது என்பது கூடுதல் பயன்.

டவுன் பஸ் நகருக்குள் இருக்கட்டும்

நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லிப் பஸ் நிலையத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோவது வழக்கமாகிவருகிறது. வெளியூர் பஸ்களுக்கு அது பொருந்தலாம். டவுன் பஸ்ஸையும் சேர்த்து அனுப்பினால், ஒரே பஸ்ஸில் கடைவீதி வந்தவர் இரண்டு பஸ் மாற வேண்டிவரும். அவர் டூவீலர் வாங்குவார், வசதியிருந்தால் கார் வாங்குவார். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள்; கடைவீதியின் வாடிக்கையாளர்களில் அவர்கள் எவ்வளவு பெரிய பங்கு என்பதை ஜவுளிக்கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பஸ் கடைவாசலுக்கு அருகில் நிற்க வேண்டும். கார் நிறுத்தம் நீங்கிய இடத்தில் பஸ் ஒதுங்கி நிற்க 15 மீட்டரும் அமர்வதற்கு நிழலும் தந்து, இரவு கடை அடைக்கும் நேரத்துக்குப் பின்னும் கடைசி பஸ் இருக்கும்படி அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடை ஊழியர்கள் டூவீலரை விட்டு வருவது இந்தக் கடைசி பஸ்ஸைப் பொறுத்தது.

சிங்கப்பூர் 1975 முதலும் லண்டன் 2003 முதலும் வசூலிக்கும் நகர நுழைவுக் கட்டணம் நம் ஊர்களுக்கு இப்போது பொருந்தாது. மாற்று வழியாகப் பஸ் போதிய அளவில் ஓடாத இடத்தில் அது வெறும் வரியாகவே முடியும்.

ஒரு மாதச் சோதனை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு, வசதி, சாலையின் இயல்பு ஆகியவற்றைக் கருதி ஒரு பகுதியிலோ சாலையிலோ வாகனங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உரிமை தருகிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழில் வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. உள்ளூரில் இயன்ற அளவு அறிவித்தால் போதும். ஆகவே ஒரு மாதச் சோதனையாகக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில், உங்கள் கணக்கு, வரைபடம், வணிகர் சங்கத்தின் கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்து மனுவாகக் கொடுக்கலாம். வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் பதிவுசெய்யலாம்.

ஸ்டாக்ஹோம் நகரம் 2006இல் ஏழு மாதம் நெரிசல் கட்டணத்தை, அதாவது நகர நுழைவுக் கட்டணத்தை, சோதித்தபோது, தொடங்கும் முன் மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். சோதனை முடிந்து வாக்கெடுப்பு நடந்தபோது நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். 2007இல் அது நிலையானது. பட்டறிந்த பிறகு கேட்டால் விடை மாறுகிறது. சோதனை மாதத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும்: தீபாவளிக்கு முந்தைய மாதமும் ஆடித் தள்ளுபடிக் காலமும் வேண்டாம், கோடை உச்சமும் வேண்டாம். ஆடி முடிந்து மேற்குக் காற்று வீசும் நாட்கள் நடப்பதற்கு ஏற்றவை.

சரக்கைப் பற்றிய ஏற்பாடு முதல் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கோவையின் ரங்கே கவுடர் வீதி போன்ற மொத்த வணிகத் தெருக்களில் லோடு ஆட்டோ வராமல் போனால் வியாபாரம் நின்றுவிடும். காலை 10 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் தடையின்றி வரலாம் என்று வைத்து, பகலுக்கு ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு சரக்கு இறக்குமிடத்தைக் கோடு போட்டு, 20 நிமிட வரம்புடன் ஒதுக்குங்கள். நேரத்தை முடிவுசெய்யும் முன் சுமைதூக்கும் தொழிலாளர்களிடமும் கேட்க வேண்டும். இரவு வேலைக்குக் கூலி மாறும். டெல்லியின் சாந்தினி சவுக்கில், செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரையிலான தெரு 2021இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை வைத்தார்கள். அங்கும் மொத்த வணிகர்களின் சரக்குக்கு இரவே வழியானது. தெருவில் குடியிருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் அனுமதி அட்டை தனியே தர வேண்டும்.

சோதனை மாதம் நடக்கும்போதே தொடக்கத்தில் எண்ணிய அதே கோட்டில், அதே கிழமைகளில், அதே 15 நிமிடங்களுக்கு மறுபடியும் எண்ணுங்கள். விற்பனை எப்படி என்று நேரே கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்; தேநீர்க்கடை, பழச்சாறுக்கடை, ஜவுளிக்கடை என மூவகையில் இசைவு தரும் சிலரிடம், நாளொன்றுக்கு எத்தனை ரசீது என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டுக் குறித்துவையுங்கள். மாதம் முடிவதற்குள் அந்தத் தாள்களை ஆட்சியர், காவல் துணை ஆணையர், மாநகராட்சி ஆணையர் மூவரிடமும் சேர்த்து, நிரந்தர அறிவிப்பை அரசிதழில் வெளியிடவும், தெருவோர வாகன நிறுத்தக் குத்தகையின் அடுத்த ஏல நிபந்தனையிலேயே நீக்கப்பட்ட இடங்களைக் கழித்துவிடவும் எழுத்தில் கோருங்கள். குத்தகைதாரர் பழைய எண்ணிக்கைக்கே ஏலம் எடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு முழுவதும் அந்தக் கார்களைத் தெருவிலிருந்து அகற்ற முடியாது.